யாரோ வெளுத்த விரிப்பு

தோள்பட்டை இறுகிப் போயிருக்கிறது, இரண்டு வாரம் வலது கைக்கு வேலையே கொடுக்கக் கூடாது என்று அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னதும், என் வீட்டுக்காரர் காளிமுத்து செய்த முதல் காரியம் தன் அண்ணனுக்குப் போன் போட்டது. வலி எனக்கு. போன் அண்ணனுக்கு. ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே பேசினார்.

"அண்ணே, மாரிக்கு ரெஸ்ட் வேணுமாம். நாம எல்லாரும் எங்கயாச்சும் ரெண்டு நாள் போயிட்டு வருவோமா?"

எனக்கு ரெஸ்ட் வேண்டும் என்பதற்கும் எல்லாரும் கிளம்புவதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் தோளில் ஊசி போட்ட இடம் கடுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பிழைப்பு போர்ட் கொச்சி தோபிகானாவில். ஓட்டல்களிலிருந்தும் ஹோம்ஸ்டேக்களிலிருந்தும் மூட்டை மூட்டையாக வரும் வெள்ளை விரிப்புகளை என் வீட்டுக்காரர் தொட்டியில் நின்று வெளுப்பார். கொடிக்கயிற்றில் காய்ந்ததும் அவை என் மேஜைக்கு வரும். சிரட்டைக்கரி போட்ட இஸ்திரிப் பெட்டி, ஏழு கிலோ. இருபத்தாறு வருஷமாக அதைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து காலையில் நடந்து போவேன், சாயங்காலம் நடந்து வருவேன். நான் தேய்த்த விரிப்புகளில் வெள்ளைக்காரர்கள் படுத்திருக்கிறார்கள், பம்பாய்க்காரர்கள் படுத்திருக்கிறார்கள், கல்யாணம் ஆன மறுநாள் வந்த ஜோடிகள் படுத்திருக்கிறார்கள். படுத்துவிட்டு அவற்றின்மேல் மீன்குழம்பையும் மருதாணியையும் மற்றதையும் கொட்டி, பந்தாகச் சுருட்டித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் சொல்லும் வார்த்தை ரிலாக்ஸ்.

எனக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. யாரோ வெளுத்து, யாரோ தேய்த்து, யாரோ விரித்து வைத்த கட்டிலில் போய் நான் படுக்க வேண்டும். ஒரு பகல் போதும். என் மகள் ரோஜாவிடம் மட்டும் இதைச் சொல்லியிருக்கிறேன். கலூரில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்க்கிறாள். அவள் சிரிக்கவில்லை. என் குடும்பத்தில் நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவள்தான்.

என் வீட்டுக்காரரின் அண்ணன் பிச்சைமணி அத்தான் கார்ப்பரேஷனில் துப்புரவுப் பிரிவு மேஸ்திரியாக இருந்து ரிட்டயர் ஆனவர். முப்பது வருஷம் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டவருக்கு இப்போது பேர் கூப்பிட ஆள் இல்லை. அந்தக் குறையை எங்கள் தலையில்தான் தீர்த்துக்கொள்கிறார். போன் போட்ட அன்று சாயங்காலமே வாட்ஸாப்பில் குரூப் வந்துவிட்டது. பேர் 'ரிலாக்ஸ் டூ டேஸ்'. பதினொரு பேர். பிள்ளைகள் மலையாள எழுத்தில் தட்டுவார்கள், பெரியவர்கள் தமிழில் வாய்ஸ் போடுவார்கள். எனக்கு மலையாளம் பேச வருமே தவிர எழுத்து வராது. ஆக, என் ஓய்வைப் பற்றி நடந்த பேச்சில் பாதி எனக்கே புரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பள்ளுருத்தியில் அத்தான் வீட்டில் கூட்டம். அவர் ஒரு தாளில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார்.

"இங்க பாருங்க. ரிலாக்ஸ்னா சும்மா போயி உக்காந்துட்டு வாரது இல்ல. பிளான் வேணும்" என்று ஆரம்பித்தார். "இடம் நான் பாத்துட்டேன். தைக்கடவு. சின்ன ஊரு. கடலு அப்படியே வளைஞ்சு உள்ள வருது. அலையே கிடையாதாம். வள்ளத்தைக் கட்டிப் போட்டிருப்பான், நாம படியில காலைத் தொங்கப் போட்டுட்டுத் தண்ணியைப் பாத்துட்டு இருக்கலாம்."

எல்லாரும் ஆகா என்றார்கள். என் வீட்டுக்காரர்தான் எல்லாரையும்விட உரக்கச் சொன்னார். விடிந்ததிலிருந்து தொட்டித் தண்ணீரில் முழங்கால் வரை நின்று, கால் விரல்களுக்கு நடுவே வெந்து வெளுத்துப்போன மனிதர், காலைத் தொங்கப் போட இன்னொரு தண்ணீருக்கு மூன்று மணி நேரம் வண்டியில் போக வேண்டும் என்கிறார். மட்டாஞ்சேரியில் எந்தத் தெருவில் திரும்பினாலும் கடைசியில் காயல்தான். மழைக்காலத்தில் அது வீட்டுக்குள்ளேயே வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகும். தண்ணீரைப் பார்ப்பது ஓய்வு என்றால் நான் பிறந்ததிலிருந்து ஓய்வில்தான் இருக்கிறேன்.

அத்தான் தாளை வாசித்தார். காலை ஆறு மணிக்கு வண்டி. ஏழரைக்கு வழியில் பகவதி கோவில். எட்டரைக்கு வீட்டிலிருந்து கொண்டுபோகும் டிபன். பத்துக்குத் தைக்கடவு. பத்தரையிலிருந்து பதினொன்றரை வரை ரிலாக்ஸ். பதினொன்றரைக்கு மீன் வாங்க ஆண்கள் துறைக்குப் போவது, பெண்கள் சமையல் ஆரம்பிப்பது.

"சமையலா?" என்றேன்.

அத்தான் பெண்டாட்டி கனகாம்பாள் அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஹோட்டல் சாப்பாடு நமக்கு ஆகுமா மாரி? கண்ட எண்ணெய். அங்க அடுக்களை இருக்காம். நீ வச்ச மீன்குழம்புன்னா உங்க அத்தான் ரெண்டு தட்டு கூடத் தின்னுவாரு."

"அக்கா, எனக்குக் கையைத் தூக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க."

"அம்மியில அரைக்கவா சொன்னேன்? மிக்சி நான் எடுத்துட்டு வாரேன்" என்றாள் அக்கா, பெரிய தியாகம் செய்துவிட்டதைப் போல.

என் வீட்டுக்காரர் எனக்காக ஒரு வார்த்தை பேசினார். அதையும் சொல்லிவிட வேண்டும். "மாரி பாத்திரம் கழுவ வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பெருமை தாங்கவில்லை அவருக்கு.

இந்த அழகில் ரதீஷ் வந்து சேர்ந்தான். போர்ட் கொச்சியில் ஆறு அறை ஹோம்ஸ்டே வைத்திருக்கிறான். எட்டு வருஷமாக அவன் வீட்டு வெளுப்பு எங்களுடையது. மூட்டை கொடுக்க வந்தவனிடம் என் வீட்டுக்காரர் தைக்கடவு என்று வாயைத் திறந்திருக்கிறார். அவன் உடனே இவர் தோளில் கை போட்டுக்கொண்டான்.

"எந்தா சேட்டா இது! தைக்கடவுல எனக்கொரு வீடு உண்டல்லோ. புதுசா எடுத்தது. காயலுக்கு நேரே. அடுத்த திங்கள் கெஸ்ட் வரும், அதுவரை சும்மா கிடக்குது. மூணு ரூம். நிங்கள் தங்கிக்கோ. பைசா ஒண்ணும் வேண்டா, நம்ம ஆளல்லே" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "சேச்சி, ரெஸ்ட் எடுக்கணும் கேட்டோ" என்று போனில் படம் காட்டினான்.

பொய் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தைப் பார்த்ததும் நான் இளகிவிட்டேன். பெரிய ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே காயல், அது கிடக்கட்டும். உள்ளே ஒரு அகலக் கட்டில். அதன்மேல் சுருக்கமே இல்லாத வெள்ளை விரிப்பு, நான்கு முனையும் மெத்தைக்கு அடியில் கச்சிதமாகச் செருகியிருந்தது. நடுவே துண்டை மடித்து இரண்டு வாத்து செய்து வைத்திருந்தார்கள். வாத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் கட்டிலை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

ரோஜாவிடம் சொல்லி அந்தப் படத்தை என் போனுக்கு வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்க, பெட்டியில் கரி கனலும் நேரத்தில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். கை தூக்க வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்ன பிறகும் தேய்த்தேனா என்று கேட்பவர்கள், எனக்குப் பதிலாக வந்து தேய்த்துக் கொடுத்திருக்கலாம். ஒரு விரிப்பு தேய்ப்பேன், இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொள்வேன், படத்தைப் பார்ப்பேன். மீன்குழம்பை எப்படியாவது மதியத்துக்குள் வைத்து இறக்கிவிட்டு, கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, அந்த வாத்துகளைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, அதில் நீளமாகப் படுப்பேன். எவர் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டேன். இவ்வளவுதான் என் பிளான். தாள் தேவைப்படவில்லை.

வியாழக்கிழமை ரதீஷ் வீட்டு ஆட்டோ வந்தது. வழக்கமாக ஒரு மூட்டை வரும், அன்று மூன்று. எல்லாம் புதுத்துணி, கடையின் கஞ்சி மொடமொடப்பு போகாதது. என் வீட்டுக்காரர் ஊறப் போட்டு, அலசி, நீலம் போட்டுக் கொடியில் ஏற்றினார். எங்கள் கொடிக்குக் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கிக் கட்டியிருப்போம், முறுக்குக்கு நடுவில் துணியின் முனையைச் செருகிவிட்டால் எந்தக் காற்றுக்கும் அசையாது. நூறு வீட்டு வெள்ளை அடுத்தடுத்துத் தொங்கும். எது யாருடையது என்று மூலையில் உள்ள குறியைப் பார்த்துத்தான் பிரிப்போம். ரதீஷுக்குச் சிவப்பு நூலில் இரண்டு கோடு. அது என் வீட்டுக்காரர் கையால் போட்டது.

மத்தியானம் அவை என் மேஜைக்கு வந்தன. முதல் விரிப்பை எடுத்து மூலையைப் புரட்டினேன். சிவப்பு நூலில் இரண்டு கோடு, பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அப்படி ஒரு குறி எங்களிடம் இருந்ததில்லை.

"இது யாருக்குங்க?" என்றேன்.

"ரதீஷுக்குத்தான். தைக்கடவு வீட்டுக்குன்னு தனியா வேணும்னான். அதான் பக்கத்துல ஒண்ணு போட்டேன்" என்றார், பிழிந்துகொண்டே.

"அங்க எப்படிப் போகும்?"

"நாமதான் சனிக்கிழமை போறோம்ல. வண்டியில போட்டுக்கலாம்னு சொல்லிட்டேன். அவனுக்கு ஒரு வண்டிக்கூலி மிச்சம். சும்மாவா வீடு குடுத்தான்?"

எனக்கு உடனே முழுசாக விளங்கவில்லை. விளங்க வேண்டாம் என்று இருந்தேன் போல. "அப்போ அங்க இப்ப கட்டில்ல விரிச்சிருக்கிறது?" என்று கேட்டேன். "அந்தப் படத்துல இருந்தது?"

"அது படம் எடுக்கிறதுக்கு இங்கேருந்து கொண்டுபோயி விரிச்சது. அங்க இப்ப வெறும் மெத்தைதான். ஆளும் இன்னும் வைக்கல அவன். நாம போயி இதுல மூணு செட் விரிச்சுப் படுத்துட்டு, வரும்போது அழுக்கைத் திருப்பி எடுத்துட்டு வந்துடணும். மிச்சத்தை அலமாரியில அடுக்கி வச்சிட்டு, கிளம்பும்போது புதுசு விரிச்சு விட்டுட்டா போதும்னான். திங்கள்கிழமை கெஸ்ட் வாராங்கல்ல."

"விரிக்கிறது யாரு?"

"நீதான். உனக்குத்தானே அழகா வரும்."

பெட்டியை நிமிர்த்தி வைத்தேன். கோபம் என்றால் அப்படி ஒரு கோபம் எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து வந்ததில்லை. இவர் என்னை ஏமாற்றியிருந்தால், ரதீஷோடு சேர்ந்து மறைத்திருந்தால், சண்டை போட்டிருப்பேன். அப்படி எதுவும் இல்லை. நான் தேய்த்த விரிப்பை நானே சுமந்துபோய், நானே விரித்து, அதில் நானே படுத்து, படுத்ததை நானே கொண்டுவந்து மறுபடி தேய்ப்பதற்குப் பேர் ஓய்வு என்று இவர் நிஜமாகவே நம்பினார். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமும் சொன்னார்.

"நல்லதுதானே மாரி? எவனோ எந்தத் தண்ணியிலயோ முக்குனதுல படுக்கிறதுக்கு, நம்ம கைபட்டதுன்னா சுத்தமா இருக்கும்."

உலகத்தில் வேறு எந்த மனிதனாலும் இப்படி ஒரு தப்பைச் செய்ய முடியாது. வெளுக்கிறவனால் மட்டுமே செய்ய முடியும். அதுவும் மனசார.

பெட்டியை மறுபடி எடுத்தேன். அன்றைக்கும் மறுநாளும் நாற்பது விரிப்பையும் தேய்த்து முடித்தேன். வேலையில் குறை வைத்து எனக்குப் பழக்கமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கையைச் சோறு பிசையக்கூடத் தூக்க முடியவில்லை. ரோஜாதான் ஊட்டினாள். நடந்ததைச் சொன்னேன். அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"அம்மா, கலூர்ல எங்க கடைக்குப் பின்னாடி ஒரு லாட்ஜ் உண்டு. பஸ் ஸ்டாண்டு பக்கம். கேவலமா இருக்கும். காயலும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. எங்க கடைக்கு வாற கோயம்புத்தூர் சேச்சி அங்கதான் தங்குவாங்க, பயப்பட ஒண்ணும் இல்ல."

"அங்க விரிப்பு யாரு வெளுக்கிறா?"

"எனக்கெப்படித் தெரியும்? நம்ம ஆளுங்க இல்ல. அந்த நிறத்தைப் பாத்தாலே தெரியும்."

"அது போதும்" என்றேன்.

சனிக்கிழமை ஆறு மணி வண்டி ஏழேகாலுக்கு வந்தது. நேரம் குறித்த மனிதரே தன் மூக்குக்கண்ணாடியை மறந்து பள்ளுருத்திக்குத் திரும்பிப் போய் எடுத்துவந்ததுதான் காரணம், ஆனால் திட்டு டிரைவருக்கு. வண்டியில் கேஸ் அடுப்பு, மிக்சி, குக்கர், பத்துக் கிலோ அரிசி, ஒரு பிளாஸ்டிக் வாளி நிறைய தேங்காய், ஐந்து பாய். குடித்தனம் மாறுகிறவர்கள்கூட இவ்வளவு ஏற்ற மாட்டார்கள். இட்லியும் சட்னியும் நான் செய்து கட்டி வைத்திருந்தேன். விரிப்பு மூட்டை மூன்றும் கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தன. எனக்கென்று விட்டிருந்த இடம் அவற்றுக்குப் பக்கத்தில்.

அத்தான் கையில் தாளோடு நின்று பேர் கூப்பிட்டார். நிஜமாகவே கூப்பிட்டார். ஒவ்வொருவராக ஏறினார்கள். "மாரி" என்றார்.

"நான் வரல அத்தான்" என்றேன்.

தாளிலிருந்து தலையைத் தூக்கினார். "வரலைன்னா?"

"வரல."

முதலில் வாயைத் திறந்தது கனகாம்பாள் அக்கா. எனக்கு உடம்புக்கு என்ன என்று கேட்கப் போகிறாள் என்று நான் நினைத்திருந்தால் நான் முட்டாள்.

"அப்போ சமையல் யாரு?" என்றாள்.

"மிக்சி இருக்குல்ல அக்கா" என்றேன்.

என் வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்தார். "தோளு ரொம்ப வலிக்குதா? அங்க வந்து ரெஸ்ட் எடுக்கலாம்ல? உனக்காகத்தானே இவ்வளவும்" என்றார். முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்துக்கு இருபத்தாறு வருஷம் இரங்கியாகிவிட்டது.

"எனக்காகத்தான். அதான் நான் ரெஸ்ட் எடுக்கப் போறேன். நீங்க போயிட்டு வாங்க. மூட்டையை வெயில் படாம வைங்க, நீலம் மங்கிடும்."

"எங்க போறே?"

"கலூருக்கு."

"கலூர்ல என்ன இருக்கு?" என்று வண்டிக்குள்ளிருந்து அத்தான் கேட்டார்.

ஒன்றும் இல்லை, அதனால்தான் போகிறேன் என்று சொன்னால் அவருக்கு விளங்காது. அவருக்கு விளங்க வைப்பது என் வேலையும் இல்லை. வண்டி போகும் வரை வாசலில் நின்றேன். கனகாம்பாள் அக்கா ஜன்னல் வழியாகக் கடைசியாகக் கேட்டது, மீன்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று.

ரோஜா வேலைக்குப் போகும் நேரத்துக்கு அவளோடு கிளம்பினேன். படகில் போனால் சீக்கிரம் போகலாம் என்றாள். வேண்டாம், பஸ்ஸில் போவோம் என்றேன். தோப்பும்படிப் பாலத்தில் பஸ் ஏறியபோது எல்லாரும் காயலைப் பார்த்தார்கள். நான் முன் சீட்டின் முதுகில் யாரோ கிறுக்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லாட்ஜில் வரவேற்பு மேஜையில் இருந்தவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். ஒரு பெண், தனியாக, கையில் ஒரு துணிப்பை.

"எந்தாவசியத்தினா?" என்றான், என்ன தேவைக்கு ரூம் என்று.

"ரெஸ்ட்" என்றாள் ரோஜா. "அம்மைக்கு ரெஸ்ட் வேணும்." ஆதார் கார்டை மேஜையில் வைத்தாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அவள் என்னை அறை வரை கொண்டுவிட்டு, மத்தியானம் எட்டிப் பார்ப்பதாகச் சொன்னாள். "எட்டிப் பாக்காத. கதவைத் திறக்க மாட்டேன்" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள்.

இரண்டாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டின் தகரக் கூரை. பாலக்காடு, திருச்சூர், அங்கமாலி என்று ஒருவன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் கண்ணில் படவில்லை. குளியலறைக் குழாயிலும் அப்போது வரவில்லை. எனக்குப் பரம திருப்தி.

கட்டிலில் விரிப்பு விரித்திருந்தது. வாத்து இல்லை. நான் பக்கத்தில் போய் நின்று பார்த்தேன். அப்படி ஒரு கேவலமான விரிப்பை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. நீலத்தைக் கரைக்காமலே கொட்டியிருக்கிறார்கள், அங்கங்கே திட்டுத் திட்டாக மேகம் போல நின்றது. தலைமாட்டில் எண்ணெய்க் கறை, அதைச் சோப்பால் தேய்க்காமல் காய வைத்ததால் ஓரம் பழுப்பாகப் பிடித்திருந்தது. தேய்ப்பு இன்னும் மோசம். தண்ணீர் தெளிக்காமல் பெட்டியை ஓட்டியிருக்கிறார்கள். நடுவில் ஒரு மடிப்பு விழுந்து, அந்த மடிப்பின் மேலேயே இன்னொரு மடிப்பைத் தேய்த்துவிட்டிருந்தார்கள். கால்மாட்டில் ஒரு பக்கம் செருகியிருந்தது, இன்னொரு பக்கம் தொங்கியது.

என் கை தானாக முன்னால் போனது. தொங்கிய முனையைப் பிடித்துவிட்டேன். இழுத்து, உதறி, செருகிவிட்டால் ஒரு நிமிஷ வேலை. தோள் சுள்ளென்றது. கையை எடுத்துவிட்டேன். எடுப்பதற்கு முன் மூலையைப் புரட்டிப் பார்த்தேன். பச்சை நூலில் ஒரு வட்டம், அதுவும் வட்டமாக வரவில்லை. யாருடைய குறி என்று எனக்குத் தெரியவில்லை. எங்கோ ஒருத்தி இதைத் தேய்த்திருக்கிறாள். வேலை தெரியாதவள். இல்லை, வேலை தெரிந்து கை தூக்க முடியாதவளாகவும் இருக்கலாம்.

செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே படுத்தேன். மடிப்பு முதுகில் குத்தியது. மேலே மின்விசிறி கடகடவென்று ஆடியது. பத்து நிமிஷத்தில் ஒருவர் கதவைத் தட்டி, கேட்காமலே ஒரு சாயா வைத்துவிட்டுப் போனார், ரோஜா சொல்லி அனுப்பியிருந்தாளாம். ஏலக்காய் தட்டிப் போட்டு, யாரோ ஆற்றிய சாயா. படுத்தபடியே தலையைத் தூக்கிக் குடித்தேன். ஏன் என்று தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு தூங்கிப்போனேன்.

மூன்று மணிக்கு போன் அடித்தது. என் வீட்டுக்காரர். பின்னால் ஒரே கூச்சல். குக்கர் விசில், அத்தான் யாரையோ அதட்டுவது, ஒரு பிள்ளை அழுவது.

"மாரி, இந்த விரிப்பு மூலை நிக்க மாட்டேங்குது. செருகச் செருக வெளிய வருது. நீ எப்படிப் பண்ணுவே?"

"தெரியாது."

"தெரியாதா?"

"நான் இங்க தங்க வந்தவ. தங்க வந்தவங்களுக்கு அதெல்லாம் தெரியாது."

அவர் எழுந்து வெளியே போனார் போல, கூச்சல் குறைந்தது. பிறகு, காலையிலிருந்து எவரும் கேட்காததைக் கேட்டார். "நீ ஏன் வரல மாரி?"

"நான் தேய்ச்ச விரிப்புல படுக்க எனக்கு இஷ்டமில்ல."

அவர் அதை யோசிப்பது எனக்குத் தெரிந்தது. அவர் யோசித்தால் மூச்சு பலமாக வரும். "அங்க விரிப்பு நல்லாயிருக்கா?" என்றார் கடைசியில்.

நான் பக்கத்திலிருந்த நீலத் திட்டைப் பார்த்தேன். "இல்ல. கேவலமா இருக்கு. நாயி படுக்காது."

"பின்னே?"

"அதான் சுகம்" என்று சொல்லி, போனை அணைத்தேன்.

மறுநாள் காலை ரோஜா வந்து கூட்டிப்போகும் வரை தூங்கினேன். நடுவில் இரண்டு தடவை எழுந்து, யாரோ வைத்த புரோட்டாவும் கறியும் தின்றுவிட்டு மறுபடி படுத்தேன். கிளம்பும்போது பையை எடுத்துக்கொண்டு திரும்பினால் கட்டில் அலங்கோலமாகக் கிடந்தது. விரிப்பு பாதி தரையில், தலையணை கால்மாட்டில், ஓரத்தில் சாயாக் கறை. இப்படிப் போட்டுவிட்டுப் போகிறவர்களை எத்தனை வருஷம் எத்தனை விதமாக ஏசியிருக்கிறேன். மடித்து வைத்துவிட்டு வா என்று கை சொன்னது. வாசலில் ரோஜா நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சை வட்டத்துக்காரியை நினைத்துக்கொண்டேன். அவளுக்கும் ஒரு நாள் யாரோ தேய்த்த விரிப்பு கிடைக்க வேண்டும். என்னுடையது கிடைத்தால் நன்றாகவே தூங்குவாள். விரிப்பைத் தொடாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.